ஸ்பேசரைத் திருப்பிப் போடுங்கள் தம்பிமாரே



கொஞ்சம் நீளமான பதிவு. சைக்கிள் ஓடுகிற தம்பிமாரும் அவர்களின் பெற்றோரும் கடைசி வரை வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு படம் வந்தது. எங்களிடம் படித்துவிட்டுப் போன பையன்தான். கட்டாரிலிருந்து வந்த மாமா கொடுத்த ட்ரையத்லன் சைக்கிளில் ஏறி, முழங்கைகளை முன்னால் ஊன்றி, முதுகை மேசை போல மட்டமாக்கிக்கொண்டு ஓடுகிறான். ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்முக்குக் கீழே இருந்த வளையங்களை, அதாவது ஸ்பேசர்களை, ஒன்றுவிடாமல் கழற்றி முன்பகுதியை அடிமட்டத்துக்கு இறக்கியிருந்தான். கீழே பாராட்டுகள் குவிந்தன. "அசல் அயர்ன்மேன்", "இன்னும் ரெண்டு சென்ரிமீற்றர் இறக்கலாம்டா", "நொந்தாத்தான் ஸ்பீடு வரும்".

பத்து நாள் போகவில்லை. சுபஹுக்குப் பிறகு பிரதான வீதியில் ஓடும்போது, ஓரமாக நின்றிருந்த ஓட்டோ ஒன்றைக் கடைசி நொடியில் கண்டு ஹேண்டிலை வெட்டியதில் வடிகானுக்குள் போய் விழுந்தான். அல்ஹம்துலில்லாஹ், முழங்கையிலும் தொடையிலும் தோல் உரிந்ததோடு தப்பினான். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் பார்க்கப் போனோம். அவன் சொன்னது இதுதான்: "கழுத்து நொந்துபோய் தலையத் தொங்கப் போட்டிருந்தன் சேர். நிமிர்ந்து பாக்கக்குள்ள ஓட்டோ முன்னுக்கு. பிரேக்குக்குக் கை போறதுக்குள்ள முடிஞ்சிது." வாசலில் விடைபெறும்போது மெதுவாக இன்னொன்றும் சொன்னான். அரை மணித்தியாலம் ஓடினால் சீற்றில் படும் இடம் மரத்துப் போகிறதாம். "வீட்டில சொல்லிராதீங்க சேர்."

இதைக் கேட்ட ஊர் இரண்டாகப் பிரிந்தது. ஒரு சாரார், இந்தச் சைக்கிளே நமக்குத் தேவையில்லை, வித்துப் போட்டு ஒழுங்கான வேலையைப் பார் என்றார்கள். மறு சாரார், இதெல்லாம் ஆரம்பத்தில் அப்படித்தான், பழகப் பழகச் சரியாகிவிடும், பயந்தவன் விளையாட வரக்கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் பிழை என்று நாங்கள் சொல்கிறோம். சைக்கிளிலும் குற்றமில்லை, பையனிடமும் குற்றமில்லை. குற்றம் அவனுடைய உடம்புக்குப் பொருந்தாமல் மாட்டப்பட்ட முன்பகுதியில் இருக்கிறது. அதை இன்னும் இறக்கு என்று கை தட்டிய நம் எல்லோரிடமும் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித் தந்த ஆரம்பப் பாடங்களில் ஒன்று, வகுப்பறைத் தளபாடம். கதிரையில் இருக்கும் பிள்ளையின் பாதம் நிலத்தில் பட வேண்டும். மேசை முழங்கை மட்டத்துக்கு வர வேண்டும். கால் தொங்கினால் பிள்ளை நெளியும், நெளிகிற பிள்ளையை நாம் குழப்படிக்காரன் என்போம். மேசையைப் பிள்ளைக்குப் பொருத்த வேண்டும், பிள்ளையை மேசைக்கு வளைக்கக்கூடாது. சைக்கிளுக்கும் சட்டம் அதுதான்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறோம். காற்று பொய்யல்ல. மட்டமான வீதியில் வேகமாக ஓடும்போது நம்மைப் பிடித்து இழுப்பதில் பெரும் பங்கு காற்றுத் தடைதான். அந்தத் தடையிலும் பெரும் பங்கு சைக்கிளால் அல்ல, அதில் இருக்கிற மனிதனின் உடம்பால் வருவது. உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குத் தெரியும்: காற்றை வெல்லத் தேவையான வலு வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். வேகம் இரட்டிப்பானால் வலு எட்டு மடங்கு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எதிர்த்து ஓடியவர்களுக்குச் சமன்பாடே தேவையில்லை. ஆகவே உடம்பைச் சுருக்கிக் காற்றுக்கு வழிவிடுவது புத்திசாலித்தனம்தான். எவ்வளவு சுருக்குவது, அதை எவ்வளவு நேரம் தாங்குவது என்பதுதான் எங்கள் கேள்வி.

இந்த ஏரோ பார் உலகுக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் பாருங்கள். 1989 ஜூலை 23. டூர் டி பிரான்ஸின் கடைசி நாள். வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீற்றர் தனிநபர் நேர ஓட்டம். பிரான்ஸின் லொரோன் ஃபீனியோன் 50 செக்கன் முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் கிரெக் லெமோன்ட், அதுவரை ட்ரையத்லன்காரர்கள் பாவித்து வந்த நீட்டுக் கம்பிகளைத் தனது ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வந்தார். 26 நிமிடம் 57 செக்கனில், மணிக்கு 54.5 கிலோமீற்றர் சராசரி வேகத்தில் ஓடி முடித்தார். மூன்று வாரம் ஓடிய போட்டியை வெறும் 8 செக்கனால் வென்றார்.

இந்தக் கதையை நம் தம்பிமார் "குனிந்தவன் வென்றான்" என்று படிக்கிறார்கள். நாங்கள் அப்படிப் படிக்கவில்லை. குனிவதற்குப் புதுக் கருவி எதற்கு? பழைய வளைந்த ஹேண்டிலின் அடியைப் பிடித்தாலே குனியலாம், காலங்காலமாகக் குனிந்துதான் ஓடினார்கள். அந்தக் கருவி புதிதாகக் கொடுத்தது முழங்கைக்கு ஒரு மெத்தை. அதை வடிவமைத்த பூன் லெனன் பனிச்சறுக்குப் பயிற்றுநராக இருந்தவர். மலையிலிருந்து இறங்கும் சறுக்கு வீரன் கைகளை முன்னால் கூட்டி ஒடுங்குவதைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். ஆனால் சைக்கிளில் அந்தக் கைகளுக்கு ஊன்ற இடம் கிடைத்தது. மேலுடம்பின் பாரத்தைத் தசை தூக்கிப் பிடிக்காமல் எலும்பு தாங்கும்போது குனிந்த நிலை நீடிக்கும். ஏரோ பாரின் இரகசியம் இதுதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். அன்று ஃபீனியோனுக்குச் சீற்றில் படும் இடத்தில் புண். இரவில் தூக்கமும் சரியில்லை. அவர் தோற்றதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள், நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் உலகின் உச்சத்தில் இருந்த ஒருவருக்கே ஒழுங்காக இருக்க முடியாமல் போனால் என்ன நடக்கும் என்பதை யோசியுங்கள்.

இன்னொரு விடயம். லெமோன்ட் அந்த நிலையில் இருந்தது 27 நிமிடம். 2018இல் கொழும்பில் அயர்ன்மேன் 70.3 நடந்ததே, நம் தம்பிமார் கனவு காண்பது அந்தப் போட்டியைத்தான். அதில் 1.9 கிலோமீற்றர் கடலில் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிளில் போய், இறங்கிய கையோடு 21.1 கிலோமீற்றர் ஓட வேண்டும். சைக்கிளில் மட்டும் மூன்று மணித்தியாலம். 27 நிமிடத்துக்கான உடம்பு நிலையைப் படத்தில் பார்த்து மூன்று மணித்தியாலத்துக்கு மாட்டுவது, அஞ்சலோட்டக்காரனைப் பார்த்து மரதன் ஓடுவது மாதிரி.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 30 கிலோமீற்றரில் ஓடுபவருக்கு 90 கிலோமீற்றர் சரியாக 3 மணித்தியாலம். முழங்கை ஊன்றி, வசதியான ஏரோ நிலையில் காற்றுத் தடை 10 வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். காற்றை மட்டும் எடுத்தால், அதே வலுவுக்கு வேகம் மூன்றரை வீதம் கூடும். ஏறத்தாழ 6 நிமிடம் மிச்சம். இப்போது ஸ்பேசர் எல்லாம் கழற்றி இன்னும் 2 வீதம் குறைத்தார் என்போம். மேலதிகமாகக் கிடைப்பது ஒரு நிமிடம் சொச்சம். ஆனால் அந்த நிலையில் கழுத்தும் இடுப்பும் நொந்து, மூன்றில் ஒரு பங்கு நேரம் நிமிர்ந்து ஓடினால் இரண்டு நிமிடத்துக்கு மேல் போய்விடும். ஒரு நிமிடத்தை வாங்க இரண்டு நிமிடத்தை விற்கிற வியாபாரம். நம் ஊரில் எந்த முதலாளி இதைச் செய்வார்?

தாங்க முடியாத நிலைக்கு ஏரோ என்று பெயர் வைத்துப் பயனில்லை. அது படம் எடுப்பதற்கு மட்டும் உதவும்.

சரி, எப்படிப் பொருத்துவது? இதற்குக் காசு தேவையில்லை. ஓர் அலன் கீ தொகுதி, அளவு நாடா, கொஞ்சம் இன்சுலேஷன் டேப், ஒரு கொப்பி. அவசரப்படாத ஒரு நண்பன் பக்கத்தில் நின்றால் போதும்.

முன்பகுதியைத் தொடும் முன் சீற்றைச் சரிசெய்யுங்கள். இதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே கொண்டுபோனால் கால் நேராக வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் இலேசாக மடிந்திருக்கும். தொடக்கத்துக்கு இந்த உயரம் சரி. அடுத்து சீற் முன்னால் வர வேண்டும். சாதாரண ரேஸ் சைக்கிளில் சீற்றைத் தாங்கும் குழாயின் சாய்வு 73 பாகை அளவில் இருக்கும். ட்ரையத்லன் சைக்கிளில் அது 78, 80 பாகை வரை செங்குத்தாகும். 1989இல் டான் எம்ஃபீல்ட் குயின்டானா ரூ சைக்கிளில் கொண்டுவந்த மாற்றம் இது. காரணம் எளிது. மேலுடம்பை முன்னால் சரித்தால் இடுப்பும் முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் உள்ள கோணம் ஒடுங்கி, ஒவ்வொரு மிதிப்பிலும் தொடை வயிற்றில் முட்டும். மூச்சு முட்டும். இறங்கி ஓடும்போது இடுப்பு இறுகிக் கிடக்கும். நம் பையன் ஹேண்டிலை மட்டும் இறக்கினான், சீற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டான். நோவுக்கு முதற்காரணம் அதுதான்.

இனி மெத்தையின் உயரம். உயர்த்தித் தொடங்குங்கள். கழற்றிய ஸ்பேசர்களைத் திருப்பிப் போடுங்கள். அந்த உயரத்தில் இருபது நிமிடம் ஆடாமல் இருக்க முடிந்தால், ஒரு வாரம் ஓடிவிட்டு 5 மில்லிமீற்றர் இறக்குங்கள். உடம்பு முறைப்பட்டால் மேலே ஏற்றுங்கள். முறைப்பாட்டைக் கேட்பது தோல்வி அல்ல. ஸ்டெம் பிடிக்கும் குழாயை மட்டும் இப்போதே வெட்டிவிடாதீர்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

அடுத்து மெத்தையின் தூரம். பக்கத்திலிருந்து நண்பன் பார்க்கட்டும். தோளிலிருந்து முழங்கை வரையுள்ள மேல்கை ஏறத்தாழ நிலைக்குத்தாக, சற்றே முன்னால் சாய்ந்து இருக்க வேண்டும். முழங்கை மூட்டுக்குக் கொஞ்சம் முன்னால், முன்கையின் சதை மெத்தையில் படிய வேண்டும். மூட்டே மெத்தையில் குத்தக்கூடாது. தூரம் கூடினால் தோள் இழுபட்டு, ஆள் தன்னையறியாமல் சீற்றின் மூக்கு நுனிக்கு நகர்வார். ஓடும்போது நீங்கள் அடிக்கடி பின்னால் தள்ளி இருக்க வேண்டி வந்தால் அதன் பொருள் இதுதான்: கம்பி எட்டாத இடத்தில் இருக்கிறது, அல்லது சீற் கீழ்நோக்கிச் சரிந்திருக்கிறது.

மெத்தைகளின் இடைவெளியை முதலில் அகலமாக வையுங்கள். ஒடுக்கினால் காற்று குறையும் என்று எல்லோருக்கும் சொல்ல முடியாது. மூச்சு ஒடுங்கும், ஹேண்டில் தடுமாறும் என்பதை ஓடிப் பார்த்தே உணரலாம். பழகிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவரலாம். நீட்டுக் கம்பிகளின் முனையை 10, 15 பாகை மேல்நோக்கிச் சாயுங்கள். உடம்பு முன்னால் வழுக்காது, மணிக்கட்டு முறியாமல் நேராக நிற்கும். விரல்கள் முனையைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால்தான் நிற்க முடிகிறது என்றால், பாரம் மெத்தையில் இல்லை, கையில் இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். மாற்றும் முன் பழைய இடத்தில் டேப் ஒட்டுங்கள், கொப்பியில் அளவை எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. விஞ்ஞானப் பாடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொன்னோமே, அது பரீட்சைக்கு மட்டும் சொன்னதல்ல. ஆணிகளை இறுக்கும்போது பாகத்தில் பொறித்திருக்கும் நியூட்டன் மீற்றர் அளவைப் பாருங்கள். கார்பன் பாகங்களைப் பலங்கொண்டு இறுக்கினால் வெடிக்கும், இறுக்காமல் விட்டால் பள்ளத்தில் விழும்போது மெத்தை சுழலும். நம் சைக்கிள் கடைக்காரர்கள் சேர்ந்து, அளவு காட்டும் ஸ்பனர் ஒன்றை வாங்கிவைத்தால் பெரிய உதவி.

எல்லாம் முடிந்த பின் நான்கு கேள்விகள். கழுத்தை வலிந்து தூக்காமல் முன்னால் வீதியைப் பார்க்க முடிகிறதா? ஆழமாக மூச்செடுக்க முடிகிறதா? விரல்களை விரித்து ஆட்ட முடிகிறதா? நிலை குலையாமல் தண்ணீர் குடிக்க முடிகிறதா? ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் ஸ்பேசரை ஏற்றுங்கள்.

இப்போது வெட்கத்தின் பேச்சு. சீற்றில் மரத்துப் போவதைப் பற்றி நம் பிள்ளைகள் யாரிடமும் சொல்வதில்லை. முன்னால் சரியும்போது பாரம் இருக்கை எலும்பிலிருந்து நகர்ந்து, நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகிற மென்மையான இடத்தில் அழுத்துகிறது. இது கேலிக்குரிய விடயம் அல்ல. அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரத்துக்கான தேசிய நிறுவனம், சைக்கிளில் ரோந்து போகும் பொலிஸாரிடம் செய்த ஆய்வுகளுக்குப் பின், 2009இல் மூக்கில்லாத சீற்றைப் பரிந்துரைத்தது. உத்தியோகத்துக்காகச் சைக்கிள் ஓடுபவர்களின் ஆண்மை பாதிக்கப்படக்கூடாது என்பதுதான் காரணம். ட்ரையத்லன் சீற்றுகளின் மூக்கு இரண்டாகப் பிளந்தோ குட்டையாகவோ இருப்பதும் இதற்காகத்தான். மரத்தால் உடனே நிமிருங்கள், எழுந்து நின்று மிதியுங்கள், சீற்றின் சாய்வைப் பாருங்கள். இறங்கிய பின்னும் மரப்பு நீடித்தால் டொக்டரிடம் போங்கள். வாப்பாமாரே, பிள்ளை இதைச் சொன்னால் சிரிக்காதீர்கள். சிரித்தால் அடுத்த முறை சொல்ல மாட்டான்.

வீதியைப் பற்றியும் ஒரு சொல். ஏரோ நிலையில் கை பிரேக்கில் இல்லை. ட்ரையத்லன் சைக்கிளில் பிரேக் வெளிப்பக்க ஹேண்டிலில் இருக்கிறது, கை முன்னால் நீட்டுக் கம்பியில் இருக்கிறது. அந்த இடைவெளியைக் கடக்கும் நேரத்தில்தான் நம் பையன் வடிகானில் விழுந்தான். உலக மட்டத்திலேயே, கூட்டமாகப் புறப்படும் வீதியோட்டங்களில் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் ஏரோ பாரை அனுமதிப்பதில்லை. சாதாரண ஹேண்டிலின் மேல் முன்கையைக் கிடத்தி ஓடுவதையும் 2021 ஏப்ரலில் தடை செய்தது. வீதியை மூடிவிட்டு ஓடுகிற தொழில்முறை வீரர்களுக்கே இந்தச் சட்டம். நம் பிரதான வீதியிலோ பஸ், ஓட்டோ, மாடு, ஓதப்பள்ளிக்குப் போகும் சிறுபிள்ளை எல்லாமே உண்டு. ஊருக்குள்ளும் சந்தியிலும் கூட்டமாக ஓடும்போதும் கை பிரேக்கில் இருக்கட்டும். ஆளில்லாத நேர்வீதி வந்தால் மட்டும் முழங்கையை ஊன்றுங்கள்.

"நொந்தாத்தான் ஸ்பீடு வரும்" என்று எழுதியவர்களிடம் ஒரு கேள்வி. எந்த நோவு? கால் தசை எரிவதும் நெஞ்சு மூச்சுக்குத் தவிப்பதும் உழைப்பின் நோவு. அதைத் தாங்கப் பழகத்தான் வேண்டும். கழுத்து குத்துவதும், நரம்பு மரப்பதும், முள்ளந்தண்டு எரிவதும் பொருத்தம் பிழைத்த நோவு. அதைத் தாங்குவதில் வீரம் ஒன்றும் இல்லை. இந்த இரண்டையும் பிரித்தறியச் சொல்லிக் கொடுக்காமல் இளைஞனைத் தட்டிவிடுவது ஊக்கம் ஆகாது.

"வித்துப் போடு" என்றவர்களிடமும் ஒரு கேள்வி. பின்னேரம் மதிலில் இருந்து போனைத் தடவும் பிள்ளைகளைப் பற்றி எத்தனை முறை கவலைப்பட்டிருப்போம்? ஒருவன் சுபஹுக்கு எழும்பி, தொழுதுவிட்டு, அறுபது கிலோமீற்றர் மிதிக்கிறான். அவனுக்குத் தேவை ஓர் அலன் கீயும் பக்கத்தில் நிற்க ஓர் ஆளும். நாங்கள் சிறுவயதில் வளர வளர, வாப்பாமார் சீற்றை ஒரு விரல், ஒரு விரலாக உயர்த்திவிட்டார்கள். அவர்களில் யாரும் காற்றுச் சுரங்கத்தைக் கண்டதில்லை. பிள்ளையின் காலைப் பார்த்தார்கள், சீற்றை உயர்த்தினார்கள்.

அந்தப் பையனின் சைக்கிளை அவனோடு சேர்ந்து சரிசெய்துவிட்டோம். மூன்று ஸ்பேசர் மேலே, சீற் 2 சென்ரிமீற்றர் முன்னால். படத்தில் முன்னைப்போல அழகில்லை என்று அவனே சொல்கிறான். ஆனால் இப்போது ஒரு மணித்தியாலம் முழங்கையை எடுக்காமல் ஓடுகிறான், தலை நிமிர்ந்திருக்கிறது.

இன்ஷா அல்லாஹ், வருகிற வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் பாடசாலை மைதானத்தில் இருப்போம். ஏரோ பார் உள்ளவர்கள், மாட்ட நினைப்பவர்கள், சாதாரண சைக்கிளில் முதுகு நோகிறது என்பவர்கள் யாரானாலும் வாருங்கள். காசு இல்லை. கழற்றிய ஸ்பேசர்களை எறிந்துவிடாமல் கையோடு கொண்டு வாருங்கள்.

பிள்ளைகள் சைக்கிள் ஓடும் வீடுகளுக்கு இதைப் பகிர்ந்துவிடுங்கள்.